முசியே மொரேல் வீட்டுக் கொப்பிகள்

காலை ஏழு மணி நாற்பது. கடையின் உருட்டுக் கதவை உள்ளேயிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கியபோது முதலில் தெரிந்தது ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து. பக்கத்தில் இரண்டு சில்லுகள். வலது சில்லில் ஈரமான இலையொன்று ஒட்டியிருந்தது.

கதவு மேலே போகப் போக மிச்சமும் தெரிந்தது. சந்தைக்குப் போகும் பெண்கள் இழுத்துச் செல்லும் துணிப்பை வண்டி. அதன் கைப்பிடியில் இரண்டு கைகள். கடைசியாக மலரின் முகம்.

"அண்ணை, கொண்டு வந்திட்டன்."

"எத்தினை?"

"பதினொண்டு. இன்னொண்டு அங்கை இருக்கு, இப்ப எழுதுற கொப்பி. அதை எடுக்கேலாது, நேர்ஸ் ஏசுவா."

"எனக்கு முதல் நாலும் காணுமே, தங்கச்சி."

"மற்றதை வைச்சிட்டு வந்தால் முசியேன்ரை மகள் பேப்பர்த் தொட்டிக்கை போட்டிடுவா. போன வெள்ளிக்கிழமை துப்புரவாக்கத் தொடங்கினவ."

வண்டியை உள்ளே இழுத்தாள். நிலப்படியில் அது ஒருமுறை துள்ளியது. உள்ளே இருந்தவற்றின் பாரம் அந்தச் சத்தத்தில் தெரிந்தது. வதிவிட அனுமதி வழங்கும் அலுவலகமான பொபினி பிரெஃபெக்சூரில் அவளுக்குக் கொடுத்திருந்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

காட் கிடைக்குமா?

பாரிசின் லாச்சப்பலில் தொலைபேசி அட்டைகளும் போட்டோ கொப்பி இயந்திரமும் வைத்திருந்த ஒரு கடையின் பின் மேசையில் பதினான்கு வருடம் நான் படிவம் நிரப்பினேன் என்பதை இந்தத் தொடரைப் படித்து வருபவர்கள் அறிவார்கள். புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தி எழுதினேன்.

போன கிழமை எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருந்தார். பிரான்சில் முதியவர்களை வீட்டில் பார்க்கும் வேலையில் இருந்தால் வதிவிட அனுமதிக் காட் கிடைக்குமா என்று.

கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். வதிவிடப் பத்திரம் இல்லாமல் இருப்பவர் சில வருடம் இங்கே வாழ்ந்ததையும் வேலை செய்ததையும் காட்டி விண்ணப்பிக்கலாம். கொடுப்பதா இல்லையா என்பதை பிரெஃபெக்சூர் தீர்மானிக்கும். கொடுத்தால் முதலில் ஒரு வருடக் காட். அது புதுப்பிக்கப்பட்டு, பிறகு நான்கு வருடம். சட்டப்படியான வருடங்கள் சேர்ந்து, மொழிப் பரீட்சையும் முடிந்தால், பத்து வருடக் காட் கேட்கலாம். நம்மவர்கள் நிரந்தர விசா என்று சொல்வது அதைத்தான்.

படிகளில் மிகக் கடினமானது முதலாவது. மலர் அந்த முதலாவது படியில் நின்றாள்.

வீட்டில் கடதாசி இல்லை

முழுப் பெயர் தவமலர். அப்போது வயது நாற்பத்து மூன்று. கிளிநொச்சிக்காரி. பாரிசுக்கு வெளியே எபினேயில் ஓர் அறையை இன்னொரு பெண்ணுடன் பங்கிட்டு இருந்தாள். அகதி விண்ணப்பம் இரண்டு முறை மறுக்கப்பட்டது. அதன் பிறகு ஐந்தரை வருடமாக, மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவிலிருந்து நான்கு நிமிட நடையில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில், முசியே மொரேல் என்ற முதியவரைப் பார்த்து வந்தாள்.

கொப்பிகளோடு வருவதற்கு மூன்று கிழமைக்கு முன் என்னிடம் முதன்முறை வந்தபோது அவளிடம் ஒரு மெல்லிய உறை இருந்தது. அதற்குள் முதியவரின் மகள் கையெழுத்திட்ட வேலைப் படிவம். கூடவே மூன்றரை வருடத்துச் சம்பளச் சீட்டுகள். மகள் மூன்றாம் வருடம் தொடங்கித்தான் அவளை ஒழுங்காகப் பதிந்திருந்தாள். அதற்கு முந்திய இரண்டு வருடத்துக்கு ஒன்றுமே இல்லை. கேட்கப்பட்டது ஐந்து வருடத்துக்கான ஆதாரம்.

"மருந்துச் சீட்டு?"

"எறிஞ்சுபோட்டன்."

"ரெயில் பாஸ் எடுத்த துண்டுகள்? ஊரிலையிருந்து வந்த கடிதம்? ஏதும்?"

"இல்லை அண்ணை. நான் வீட்டிலை கடதாசி ஒண்டும் வைக்கிறேல்லை."

இந்தப் பதிலை அந்த மேசையில் பலமுறை கேட்டிருக்கிறேன். நம்மில் ஒரு வயதுக்காரர் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. யுத்த காலத்தில் ஊரில் வீடு சோதனைக்கு வருபவர் கையில் அகப்படும் துண்டுக் கடதாசி, வீட்டுக்காரர் சொல்லாததையெல்லாம் சொல்லும். ஆகவே கடிதம், படம், பற்றுச்சீட்டு எல்லாம் அடுப்புக்குப் போகும். என் நான்கு வருடக் குறிப்புப் புத்தகங்களை ஒரு பிற்பகலில் நானும் எரித்தேன். தாள்கள் உடனே பிடித்தன. அட்டைகள் எரிய நேரம் எடுத்தன.

அந்தப் பழக்கத்தோடேயே பாரிசுக்கு வருகிறோம். இங்கே கடதாசி இல்லாத நாளை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை.

சவரிமுத்து ஐயா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பத்திரிகை வாங்க வந்து மத்தியானம்வரை எங்கள் கடையில் இருப்பார்.

"ஒண்ணுகூடவா வெச்சிக்கல? ஏம்மா, நான் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின குடைக்குக் கடைக்காரன் குடுத்த ஃபக்த்தூர் வெச்சிருக்கேன். குடை தொலைஞ்சி போச்சி. ஃபக்த்தூர் இருக்கு."

மலர் திரும்பிப் பார்த்தாள். "குடை இல்லாமல் துண்டை வைச்சு என்ன ஐயா செய்யிறியள்? மழைக்குப் பிடிக்கிறியளோ?"

அவர் சிரித்தார். நான் வேறு வழியில்லாமல், அந்த இரண்டு வருடமும் ஒரு நாளில் என்னென்ன செய்வாய் என்று கேட்டேன். சாட்சிக் கடிதம் ஒன்றாவது எழுதலாம் என்பது என் எண்ணம்.

"காலமை போவன். போன உடனை நேரத்தை எழுதுவன். பிறகு தேத்தண்ணி வைப்பன்..."

"நேரத்தை எங்கை எழுதுவாய்?"

"கொப்பியிலை."

எட்டு மணி பன்னிரண்டு

வீட்டில் பராமரிக்கப்படும் முதியவரின் சமையலறை மேசையில் இங்கே பெரும்பாலும் ஒரு கொப்பி கிடக்கும். பராமரிக்கும் பெண், நேர்ஸ், டொக்டர், யார் வந்தாலும் அதில் எழுதுவார்கள். ஒருவரை ஒருவர் காணாதவர்கள் அந்தக் கொப்பி வழியாகப் பேசிக்கொள்வார்கள்.

மொரேல் வீட்டுக் கொப்பிக்கு இன்னொரு சிறப்பு இருந்தது. அவர் நாற்பது வருடம் ரயில்பாதைச் சமிக்ஞைக் கூடத்தில் வேலை செய்தவர். முதல் கிழமையில் மலர் "காலை 8" என்று எழுதியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை வாங்கி அதை வெட்டி, 8.12 என்று எழுதினார்.

"ரெண்டு ரெயில் மோதுறது அந்தப் பன்னிரண்டு நிமிசத்துக்கைதானாம்" என்றாள் மலர். "அண்டைக்குத் தொடங்கினது. ஒரு நிமிசம் பிழைச்சாலும் மனுசன் கண்டுபிடிக்கும்."

கொப்பி யாருடையது என்பதை முதலில் தீர்க்கவேண்டியிருந்தது. மலர் மகளிடம் கேட்டாள். அப்பாவைக் கேள் என்றாள் மகள். முசியே மொரேலுக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்ததாம். பதிவேடு கடமையில் இருந்தவருடையது என்றார். சமிக்ஞைக் கூடத்தில் அப்படித்தான்.

கொப்பிகள் வந்த அந்தக் காலையில், வாடிக்கையாளர் வரத் தொடங்குவதற்குமுன், முதல் நான்கையும் மேசையில் விரித்து வாசித்தேன். அவள் எழுதிய பிரெஞ்சின் தமிழ் இது:

"8.12 வந்தேன். முசியே விழித்திருந்தார். 8.30 தேநீர், ரொட்டி இரண்டு. 9.05 குளியல். இடது குதிக்காலில் சிவப்பு. நேர்ஸ் பார்க்கவேண்டும்."

அடுத்த வரி வேறு கையெழுத்து: "பார்த்தேன். நன்றி." கீழே நேர்ஸின் முத்திரை.

"13.20 கஞ்சி. முழுவதும் குடித்தார்." கஞ்சி என்பதை பிரெஞ்சு எழுத்தில் அப்படியே எழுதியிருந்தாள். சில மாதத்துக்குப் பின் நேர்ஸின் கையெழுத்தில் ஓர் உத்தரவு: "கஞ்சி தொடரலாம்."

"16.40 மழை. யன்னலில் நின்று ரயில் பார்த்தோம். தாமதம் என்றார்."

செய்தியாளர்களின் பிரதிகளைப் பல வருடம் திருத்தியவன் நான். கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். இவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. பிரெஞ்சு வினைச்சொற்கள் வரிக்கு வரி தடுமாறின. நேரம் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நேர்ஸ் எழுதிய நேரத்தையும் அவள் எழுதிய நேரத்தையும் முப்பது பக்கத்தில் ஒப்பிட்டேன். ஒன்றோடொன்று பொருந்தின.

"என்ன அண்ணை, பிழையோ?" என்றாள். நான் அந்தப் பக்கங்களைத் திரும்பவும் முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தேன்.

"பிழை இல்லை."

கத்தரிக்கோல்

மாதத்துக்கு இரண்டு பக்கம், முத்திரை உள்ள பக்கமாகப் பார்த்து, இருபத்து நான்கு மாதத்துக்கு நாற்பத்தெட்டுப் பக்கம் தெரிந்தெடுத்தேன். ஒவ்வொன்றிலும் மஞ்சள் துண்டு வைத்தேன். இயந்திரம் சூடாகிக்கொண்டிருந்தது.

மலர் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். வெள்ளைத் தாள்களை விரல் அகலத்துக்கு வெட்டத் தொடங்கினாள். முதல் பக்கத்தில் அப்படி வெட்டிய ஒரு கீலத்தை நடு வரியின்மேல் வைத்து, கொப்பியைக் கண்ணாடியில் கவிழ்க்கப் போனாள்.

"என்ன செய்யிறாய்?"

"இந்த வரி வேண்டாம்."

கீலத்தை நீக்கிப் பார்த்தேன். 9.05க்கும் 9.40க்கும் இடையில் முதியவரின் உடம்புக்கு நேர்ந்தது எழுதியிருந்தது. பராமரிக்கும் வேலையில் அன்றாடம் நடப்பதுதான். அடுத்த பக்கத்திலும் அப்படி ஒரு வரி. அதற்கடுத்ததில், ஒரு மாலை அவர் இறந்துபோன மனைவியைக் கூப்பிட்டு அழுத நேரம், 18.25.

"முழுப் பக்கமும் இருந்தால்தான் பலம்" என்றேன். "வெட்டின செய்தியை ஆரும் நம்பமாட்டினம்."

அப்போதுதான் சவரிமுத்து ஐயா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"பேப்பர்க்காரர் சொல்றதுதான் சரி. பேப்பர்ல வெள்ளையா பட்டை இருந்தா கிஷே கண்ணாடிக்குப் பின்னால இருக்கிறவ என்னம்மா நினைப்பா? எதையோ ஒளிக்கிறாங்கன்னுதான் நினைப்பா. நானே முப்பது வருஷம் அந்த மாதிரி நாற்காலியில உக்காந்தவன். நானா இருந்தா அப்படித்தான் நினைப்பேன்."

"நினைக்கட்டும்."

"அவர்தான் கொப்பியைத் தந்திட்டாரே, தங்கச்சி. கடமையிலை இருந்தவருடையது எண்டு அவரே சொன்னவர்."

"கொப்பியைத்தான் அண்ணை தந்தவர். தான் நனைச்சதை ஊருக்கு விரிச்சுக் காட்டச் சொல்லித் தந்தவரே?"

இந்த முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் நாட்டை விட்டுப் போகச் சொல்லும் கடிதமும் கூடவே வரலாம். அதை மூன்று கிழமைக்கு முன் நானே அவளுக்குச் சொல்லியிருந்தேன். அன்று மீண்டும் சொன்னேன். தகப்பன் இறந்தபோது ஊருக்குப் போகமுடியாமல் தொலைபேசியில் கிரியை பார்த்தவள் அவள். பத்திரம் இல்லை என்றால் என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

"போகச் சொன்னால் போறது நான்" என்றாள். "அவர் இந்த ஊரிலை இருக்கிற மனுசன். நாளைக்கு மகளோ, பேரனோ, ஆரும் இதைப் பாத்தால்?"

இயந்திரம் தயார் என்று பச்சை விளக்கைக் காட்டியது.

சவரிமுத்து ஐயா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். கடைக்காரரின் பெட்டியில் இருந்த கத்தரிக்கோலை எடுத்தார்.

"குடு இங்க. உன் பட்டை கோணலா இருக்கு."

நாற்பத்தெட்டுப் பக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் எடுத்தது. எந்த வரியை மூடுவது என்பதை மலர் மட்டுமே தீர்மானித்தாள். அவர் தேநீரைத் தட்டிவிட்டதை விட்டாள். அழுததை மூடினாள். கோபத்தில் அவளைத் திட்டியதை மூடுவாளோ என்று பார்த்தேன். விட்டாள். "அது எனக்குச் சொன்னது" என்றாள்.

மூடிய வரிகள் முதியவரின் உடல்நலம் பற்றியவை என்று ஒரு கடிதம் எழுதினேன். அவள் வாசித்துக் காட்டச் சொன்னாள். "நோயாளி" என்ற சொல் வந்ததும் நிறுத்தினாள்.

"நோயாளி இல்லை. முசியே மொரேல் எண்டு போடுங்கோ."

போட்டேன்.

பொபினி

மொழிபெயர்க்க நானும் போனேன். எங்கள் இலக்கம் பத்து மணி ஐம்பதுக்கு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். மூக்குக் கண்ணாடி ஒரு சங்கிலியில் தொங்கியது.

சம்பளச் சீட்டுகளை வேகமாகப் புரட்டினாள். கொப்பிப் பிரதிகளில் வேகம் குறைந்தது. மூலம் இருக்கிறதா என்று கேட்டாள். மலர் நான்கு கொப்பிகளையும் கண்ணாடிக்குக் கீழிருந்த இடைவெளியில் வைத்தாள். மூலத்திலும் அதே வரிகளின்மேல் கீலங்கள். கடதாசிக் கவ்விகளால் பிடித்திருந்தாள். அதை அவள் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அலுவலர் ஒரு கவ்வியைக் கழற்றி, கீலத்தின் ஓரத்தை விரலால் தூக்கினாள்.

மலர் இடைவெளியால் கையை நீட்டி, பக்கத்தின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

அந்தக் கண்ணாடிகளுக்கு முன் நம்மவர்களோடு எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். கையைப் பின்னால் இழுப்பவர்களைத்தான் கண்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கும் பிரெஞ்சு வாக்கியம் ஒன்று என் வாயில் தயாராக இருந்தது. அதற்குள் மலரே பேசினாள். மெதுவாக, பிழைகளோடு, பிரெஞ்சில்:

"மதாம், நேரம் என்னுடையது. அதைப் பாருங்கள். இதற்குக் கீழே உள்ளது அவருடையது."

அலுவலர் என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் கொப்பிக்குத் திருப்பினேன். மலரின் கை அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று அன்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கவேண்டும்.

அலுவலர் கீலத்தை விட்டாள். மலர் கையை எடுத்தாள். கவ்வி மீண்டும் அதன் இடத்துக்குப் போனது.

"ஏன் 8.12? ஏன் 8.09?" என்று அலுவலர் கேட்டாள். "எல்லோரும் எட்டு என்றுதானே எழுதுவார்கள்?"

மலர் சமிக்ஞைக் கூடத்தைப் பற்றிச் சொன்னாள். ஒரு சொல்லுக்கு மட்டும் என் பக்கம் திரும்பினாள்.

அலுவலர் பக்கங்களைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். அச்சுக்கூடத்தில் எழுத்தைத் தலைகீழாக வாசித்துப் பழகியவனுக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது சிரமமில்லை. அது மழைநாள் பக்கம். ரயில் தாமதம் என்று முதியவர் சொன்ன நாள். அலுவலரின் வாயோரம் இலேசாக அசைந்தது.

"கஞ்சி என்றால் என்ன?"

மலர் சொன்னாள். அரிசி, தண்ணீர், உள்ளி, உப்பு, பல் இல்லாதவருக்கு எவ்வளவு நேரம் அவியவேண்டும் என்பது. அலுவலர் இடைமறிக்கவில்லை. பிறகு நாற்பத்தெட்டுப் பிரதிகளையும் எண்ணி, ஒவ்வொன்றிலும் தன் பேனாவால் இலக்கமிட்டு, கோப்புக்குள் வைத்தாள். விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான சீட்டைத் தந்தாள்.

வெளியே வந்ததும் மலர் சுவரோரம் நின்று இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்தாள். "கை குளிருது அண்ணை" என்றாள். கொப்பிகளைத் தான்தான் தூக்குவேன் என்று என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு

ஐந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஒரு வருடக் காட்.

கொப்பிகள்தான் காரணம் என்று நான் எழுதமாட்டேன். எனக்கு அது தெரியாது. தீர்மானத்தில் காரணம் சொல்லப்படவில்லை. அதைவிடத் தடித்த கோப்புகள் மறுக்கப்பட்டதையும் அதே மேசையில் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நானும் முப்பது வருட அனுபவசாலி ஒருவரும் கூடாது என்று சொன்னதை அவள் செய்தாள். அந்த நாற்பத்தெட்டுப் பக்கங்களும் வெள்ளைப் பட்டைகளோடு இன்று ஒரு பிரெஞ்சு அரசாங்கக் கோப்பில் இருக்கின்றன. நான் திருத்திய எந்தப் பத்திரிகைப் பக்கத்தையும்விட அவற்றில் எனக்குப் பெருமை.

முதல் காட்டோடு ஊருக்குப் போய் மூன்று கிழமை நின்று வந்தாள். வந்த அடுத்த நாள் வேலைக்குப் போனாள். பிறகு நான்கு வருடக் காட் கிடைத்தது. அந்தக் காலத்தில் முசியே மொரேல் தன் படுக்கையில் இறந்தார். மகள் மலரைத்தான் முதலில் கூப்பிட்டாள். மொழிப் பரீட்சைக்கு மலர் இரண்டு முறை போனாள். முதல்முறை எழுத்தில் தவறினாள்.

பத்து வருடக் காட் இந்த வருடம் வந்தது. அதை வாங்கப் போனபோது என்னைக் கூப்பிடவில்லை. மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

மலர் இப்போது மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள், இரண்டு பாரிசில், ஒன்று எபினேயில். மூன்று வீட்டிலும் ஒப்பந்தம் அவளுடைய பெயரில் இருக்கிறது.